சுதந்திரத்துக்கு முன்பே சுதந்திரப் பாட்டு!
காரைக்குடியில் எடுத்த படம்

1947-ம் ஆண்டு வந்த தமிழ்ப் படங்களில் சிறந்தது எது?

எம்.ஜி.ஆர். முதன் முதலாகக் கதாநாயகனாக நடித்த "ராஜகுமாரி" என்பார்கள் சிலர். அது மாயாஜாலக் கதை. பார்க்கலாம், ரசிக்கலாம். ஆனால் முதல் இடம் "நாம் இருவர்" படத்துக்குத்தான்!

தேவகோட்டை ரஸ்தா

போர்க்காலத்தில் சென்னையில் புது ஸ்டூடியோ அமைப்பது கடினம். ஆகவே ஏவி.மெய்யப்ப செட்டியார் சொந்த ஊரான காரைக்குடிக்கே வந்துவிட்டார். பக்கத்தில், தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ அமைத்தார். (இன்று இது சிவகங்கை மாவட்டம்.) "நாம் இருவர்" அங்கேதான் உருவாயிற்று.

கதை சாதாரணக் குடும்பக் கதைதான். டி.ஆர்.மகாலிங்கம் நன்றாகப் பாடினார். ஆனால் படத்தின் உயிர், பாரதியார் பாடல்கள்! டி.கே.பட்டம்மாள் பாட, சிறுமி குமாரி கமலா ஆடினாள். சுதந்திரம் வந்தே விட்டது என்று ஆனந்தக் கூத்து!

படம் வெளிவந்தது ஜனவரியில். அப்போது நாட்டை ஆண்டவன் வெள்ளைக்காரன். சுதந்திரம் கிடைக்க இன்னும் 7 மாதம் இருந்தது!

1919-ல் காரைக்குடிக்கு வந்தவர் பாரதியார். 1921-ல் அவர் இறந்து போனார். இந்த ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை.

அவருடைய பாடல்களின் இசைத்தட்டு உரிமை செட்டியாரிடம் இருந்தது. 1949-ல் அதை அவர் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்.