மூணு மணி பஸ்ஸும் மூப்பின் மறதியும்

குளத்தூர், விளாத்திகுளம் பக்கம் அறுபதைத் தாண்டிய பெண்களிடம் தூக்கத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், விடியக்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது என்பார்கள். அதை ஒரு குறையாகக்கூடச் சொல்வதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று முடித்துவிடுவார்கள். மறதியைக் கேட்டாலும் இதே கதைதான். எல்லாம் அயத்துப் போகிறது, வயசானால் அப்படித்தானே என்பார்கள்.

வயசு எல்லோருக்கும்தான் ஆகிறது. ஆனால் தூக்கமும் ஞாபகமும் எல்லோருக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. யார் பள்ளிக்கூடம் போனார்கள், யார் வேலைக்குப் போனார்கள், யார் எந்தத் தெருவில் பிறந்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. கரிசல் காட்டு முதியவர்களின் மறதியைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

ஆய்வுகள் காட்டும் இடைவெளி

2017-ல் தொடங்கிய இந்திய முதுமை ஆய்வு, 45 வயதைக் கடந்த 72,000-க்கும் மேற்பட்டவர்களை நாடு முழுக்க வீடு தேடிப் போய்ச் சந்தித்தது. அதன் கிளையாக நடந்த மறதிநோய் ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்கிற மறதிநோய் இருக்கிறது என்று அது மதிப்பிட்டது. ஆண்களில் 5.8 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். நகரத்தில் 5.3 சதவீதம், கிராமத்தில் 8.4 சதவீதம். பள்ளிக்கூடம் போகாதவர்களிடம் நோய் கூடுதல்.

சாதி வாரியாகப் பார்த்தாலும் இந்த இடைவெளி தெரிகிறது. பட்டியல் சாதி, பழங்குடி முதியவர்களின் நினைவுத்திறன் மதிப்பெண்கள் சராசரியாகக் குறைவாக வருகின்றன. படிப்பையும் வீட்டு வசதியையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. மூளை பிறப்பிலேயே வேறு என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொத்தும் படிப்பும் யாருக்குக் கிடைத்தன என்பதுதான் அங்கே பேசுகிறது.

அமெரிக்காவிலும் இதே நிலைமைதான். அங்கே வெள்ளையர்களைவிடக் கறுப்பின முதியவர்களுக்கு மறதிநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்பானிய மொழி பேசும் வம்சாவளியினருக்கு ஒன்றரை மடங்கு. கறுப்பின மக்கள் சராசரியாகக் குறைந்த நேரமே தூங்குகிறார்கள் என்பதும் அங்கே பலமுறை பதிவான விஷயம். ராத்திரி ஷிப்ட், இரைச்சலான குடியிருப்பு, நிலையில்லாத வருமானம், அன்றாடம் சந்திக்கும் பாகுபாடு ஆகியவற்றைக் காரணங்களாகச் சொல்கிறார்கள். நம்மூருக்கு இதில் எதுவும் புதிதில்லை.

தீப்பெட்டி ஆபீஸ் பஸ்

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் 1970-களிலும் 80-களிலும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்கள் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் பஸ் வந்து நிற்கும். அரைத் தூக்கத்தில் எழுப்பி, முகத்தைக் கழுவிவிட்டு, தூக்குவாளியைக் கையில் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். ஏறியவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். அண்ணனோ தம்பியோ பள்ளிக்கூடம் போவான், அக்காள் கட்டை அடுக்கப் போவாள்.

கட்டை அடுக்குவது என்றால் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பதித்து, சட்டத்துக்கு மேல் சட்டமாக ஏற்றிக்கொண்டே போவது. எத்தனை கட்டையோ அத்தனைக்குக் கூலி. கண்ணும் விரலும் ஒரு நிமிஷம் ஓயாது. இந்தப் பிள்ளைகளைப் பற்றி 1990-ல் சலம் பென்னுர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் உலகமெங்கும் பேசப்பட்டது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பஸ்கள் படிப்படியாக நின்றன.

1975-ல் பத்து வயதில் அந்த பஸ் ஏறிய பிள்ளைக்கு இப்போது அறுபது ஆகிவிட்டது. மறதிநோய் தலைகாட்டத் தொடங்கும் வயது. தூக்கம், படிப்பு இரண்டையும் ஒரே நாளில் இழந்த ஒரு தலைமுறை இப்போதுதான் முதுமைக்குள் நுழைகிறது. இவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பள்ளிக்கூடமும் மருந்துதான்

மறதிநோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் மறதிநோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. இளவயதுக்கு உரிய காரணமாக அதில் இருப்பது குறைந்த படிப்பு. படிக்கும் வயதில் மூளை சேர்த்துவைக்கிற பலம் பிற்காலத் தேய்மானத்தைப் பல ஆண்டுகள் தாங்கிப் பிடிக்கிறது.

காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில்தான், 1956-ல். அந்தச் சோற்றுக்காகப் பள்ளிக்கூடம் போனவர்கள் இன்று எழுபத்தைந்தைத் தொட்டிருப்பார்கள். மழை பொய்த்த வருஷங்களில் சோறு போட்டும் நிறுத்திவைக்க முடியாத பிள்ளைகளும் இந்தப் பக்கம் நிறைய இருந்தார்கள்.

பள்ளிக்கூடம் போகாத எல்லோருக்கும் மறதி வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பள்ளிப்படிப்பை முடித்தவர் அல்ல. 2021-ல் காலமாகும்வரை, தொண்ணூற்றைந்தைத் தாண்டியும், எழுத்தும் பேச்சுமாகவே இருந்தார். வாசிப்பு, கதை, சங்கீதம், ஆட்களோடு ஓயாத பழக்கம் என்று அவர் மூளைக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. நாள் முழுக்க ஒரே அசைவில் குச்சி அடுக்கிய பெண்ணுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை.

தூங்காத மூளை

தூக்கத்தில் மூளை சும்மா கிடப்பதில்லை. பகலில் கேட்டதையும் கண்டதையும் நினைவாக அடுக்கிவைப்பது அப்போதுதான். மூளையில் தேங்கும் அமிலாய்டு போன்ற கழிவுப் புரதங்கள் தூக்கத்தில் வேகமாக வெளியேறுகின்றன என்று 2013-ல் எலிகளை வைத்து நடந்த ஆய்வு சொன்னது. இன்றும் விவாதத்தில் இருக்கும் கண்டுபிடிப்பு அது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, பிரிட்டனில் அரசு ஊழியர்கள் 7,959 பேரை இருபத்தைந்து ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு. ஐம்பதிலும் அறுபதிலும் எழுபதிலும் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதிநோய் சுமார் 30 சதவீதம் கூடுதலாக வந்தது. லான்செட் பட்டியலில் மட்டும் தூக்கம் இடம்பெறவில்லை. தூக்கக் கேடு மறதிநோய்க்குக் காரணமாகவும் இருக்கலாம், உள்ளுக்குள் தொடங்கிவிட்ட நோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால் ஆணையத்தார் தயங்கினார்கள். எதுவானாலும், வயதானவரின் தூக்கம் புதிதாகக் கெட்டால் அதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

கரிசல் இரவு

இங்கே தூக்கத்தைக் கெடுக்க எத்தனையோ இருக்கின்றன. வைப்பாறு, வேம்பார் பக்கத்து உப்பளங்களில் வெயிலுக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்று நடுச்சாமம் கழிந்ததுமே கிளம்பிவிடுகிறார்கள். உப்பின் வெள்ளை கண்ணைக் கூசவைத்துப் பார்வையையும் பாதிக்கிறது. பார்வைக் குறைவும் லான்செட் சொன்ன அந்த 14 காரணங்களில் ஒன்று. மக்காச்சோளக் காட்டில் பன்றி இறங்காமலிருக்க எழுபது வயதுக்காரர் ராத்திரி முழுக்கத் தகரம் தட்டிக்கொண்டு காவல் இருக்கிறார். வேலிக்கருவையைக் கரியாக்க மூட்டம் போட்டவர்கள், காற்று புகுந்து விறகெல்லாம் சாம்பலாகிவிடக் கூடாதென்று மூட்டத்துக்குப் பக்கத்திலேயே முழித்துக் கிடக்கிறார்கள். மூட்டப் புகையும் அடுப்புப் புகையும் மூளைக்குக் கெடுதல்தான்.

அப்புறம் வெக்கை. சித்திரை, வைகாசியில் தார்சு வீட்டுக்குள் பாதி ராத்திரிவரை அனல் அடிக்கும். 68 நாடுகளில் தூக்கத்தை அளக்கும் கைப்பட்டைகளை வைத்து எடுத்த கணக்கு 2022-ல் வெளியானது. இரவு வெப்பம் கூடக் கூடத் தூக்கம் குறைகிறது என்றும், முதியவர்களுக்கும் பெண்களுக்கும் ஏழை நாட்டினருக்கும் அந்த இழப்பு அதிகம் என்றும் அது காட்டியது. மூன்றும் பொருந்துகிற ஒருத்தி நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறாள். பிள்ளைகள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்க, ஒற்றை அறையில் தனியாகப் படுத்திருக்கிறாள்.

பரீட்சையே ஓரவஞ்சனையானால்

மறதியைச் சோதிக்க உலகமெங்கும் பயன்படும் கேள்வித்தாளில் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், படம் பார்த்து வரையச் சொல்வார்கள். பேனாவே பிடித்திராத பாட்டி இதில் தோற்பதால் அவருக்கு மறதிநோய் என்றாகிவிடாது. படித்தவர் ஒருவர் நோய் தொடங்கிய பிறகும் இதில் ஜெயித்துவிடலாம். ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களில் ஆய்வு செய்தவர்கள் இதை உணர்ந்து, எழுத்தறிவில்லாத கிராமத்தாருக்கென்று கேள்விகளை மாற்றி அமைத்தார்கள்.

வீட்டார் செய்ய வேண்டியது, பழைய ஆளோடு இப்போதைய ஆளை ஒப்பிட்டுப் பார்ப்பது. அமாவாசை என்றைக்கு, வத்தல் என்ன விலைக்குப் போனது, யார் வீட்டுக்கு எவ்வளவு மொய் எழுதினோம் என்றெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவர் அதில் தடுமாறினால் அதுதான் அறிகுறி. உலையில் அரிசி போட்டதை அடிக்கடி மறப்பது, பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, பொழுது சாயும் நேரத்தில் பதற்றமாகி வீட்டுக்குப் போகணும் என்று தன் வீட்டிலேயே நின்று கேட்பது ஆகியவை டாக்டரிடம் காட்ட வேண்டியவை. சாவியை எங்கே வைத்தோம் என்று எப்போதாவது தேடுவது எல்லோருக்கும் உள்ளது. ஒன்றிரண்டு நாளில் திடீரென்று புத்தி தடுமாறினால் அது வேறு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு என ஏதோ இருக்கிறது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரிசெய்யக்கூடிய கோளாறுகள்

தைராய்டு குறைவும் வைட்டமின் பி12 குறைவும் மறதியை உண்டாக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தில் சரியாகும். ரத்தச்சோகை உள்ள பெண்களுக்கு ராத்திரி காலில் ஏதோ ஊர்வதுபோல, உதறிக்கொண்டே இருக்க வேண்டும்போல இருக்கலாம். அதற்கு இரும்புச்சத்து தேவை. பலத்த குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவருக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கலாம். நல்ல தூக்கம் என்று வீட்டார் நினைக்கிற குறட்டையே பல சமயம் கெட்ட தூக்கத்தின் அடையாளம். காது மந்தம், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாவற்றுக்கும் சிகிச்சை இருக்கிறது.

மூன்று தடவை ஒன்றுக்குப் போக எழுகிறவர், சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம். இந்த வெயிலூரில் பகலில் குறைத்துவிடக் கூடாது. நீர் பிரிக்கும் பிரஷர் மாத்திரையைக் காலையிலேயே சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். மூன்று மணி டீக்கு மேல் டீ வேண்டாம். படுக்கப் போகும்போது வாயில் புகையிலை இருந்தால் தூக்கம் அண்டாது. மதியத் தூக்கம் அரை மணி போதும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரைதான் எனக்குப் பெரிய பயம். வயதானவர்களைத் தள்ளாடவைத்து, ராத்திரி எழும்போது விழச்செய்து இடுப்பை உடைக்கிறது. மறதியையும் கூட்டுகிறது. வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர் பட்டென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எங்கே போவது

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிற பெண்ணிடம் தூக்கத்தையும் மறதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவசம். தனியாக அனுப்பாமல், தினமும் பார்க்கிற ஒருவர் கூடப் போங்கள். அம்மா எத்தனை வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்கோ உப்பளத்துக்கோ வேலைக்குப் போனார், எத்தனை வருஷம் போனார் என்பதையும் டாக்டரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.