நாலு மணி நேர முத்து!

தேநீரைக் குடிப்பார்கள் என்பது உலகறிந்த விஷயம். மென்று தின்பார்களா? தைவான் தீவில் தின்கிறார்கள். உயரமான டம்ளரில் பாலும் சர்க்கரையும் பனிக்கட்டியும் சேர்ந்த தேநீர். அடியில் சுண்டைக்காய்ப் பருமனில், கன்னங்கரேலென்று உருண்டைகள். சாதாரண உறிஞ்சுகுழலில் அவை ஏறமாட்டா. ஆகையால் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அகலமான குழல் ஒன்று தருகிறார்கள். இழுத்தால் தேநீரோடு மூன்று நான்கு உருண்டைகள் விர்ரென்று ஏறி வருகின்றன. தேநீர் தொண்டையில் இறங்கிவிடும்; உருண்டைகள் பல்லுக்கிடையில் தங்கிவிடும். அவற்றை மென்று முடிப்பதற்குள் அடுத்த வாய்க்கு ஆசை வந்துவிடுகிறது.

இந்தப் பானத்துக்கு அந்நாட்டார் இட்ட பெயர் ‘ஜென்ஜூ நாய்ச்சா’. ‘முத்துப் பால் தேநீர்’ என்று பொருள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் ‘பபிள் டீ’, அதாவது குமிழித் தேநீர், என்கிறார்கள். குமிழி என்பது உருண்டையைத்தான் குறிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், தேநீரைப் பனிக்கட்டியோடு சேர்த்துக் குலுக்கும்போது மேலே திரளும் நுரையைக் கண்டு வந்த பெயர் அது. ‘போபா’ என்று மூன்றாவது பெயர் ஒன்றும் உண்டு. அது கொச்சைச் சொல். வீட்டில் எல்லோரும் படிக்கிற பக்கத்தில் அதன் பொருளை விளக்குவதற்கில்லை!

இட்டிலி பூப்போல இருக்க வேண்டும், முறுக்கு கரகரவென்று இருக்க வேண்டும் என்று நாம் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலத் தைவான் ஜனங்கள் ‘க்யூ’ என்று ஒரு பதம் பார்க்கிறார்கள். பல்லுக்குச் சற்றே எதிர்த்து நின்று, பிறகு வழிவிட வேண்டும். ரப்பராகவும் இருக்கக் கூடாது. குழைந்தும் போகக் கூடாது. வெகு நன்றாக அமைந்துவிட்டால் ‘க்யூ க்யூ’ என்று இரட்டித்துச் சொல்லிப் பாராட்டுகிறார்கள்.

ஆனால் இந்தப் பதத்துக்கு ஆயுள் குறைவு. அடுப்பிலிருந்து இறக்கினால் சுமார் நாலு மணி நேரம். அதற்கு மேல் உருண்டை விறைக்கத் தொடங்கிவிடும். நல்ல கடைக்காரர்கள் அந்த நேரம் கடந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக வேகவைக்கிறார்கள். கொட்ட மனம் வராதவர்களும் இருப்பார்கள்தானே? பதத்தைக் குறுக்கு வழியில் பிடித்து நிறுத்தப் பார்த்த ஆசை, 2013-ல் தைவானையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டது. அந்தக் கதைக்குப் போகுமுன் இந்த முத்து எங்கே விளைகிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரு கிழங்கின் பிள்ளைகள்

முத்து என்று பெயரே தவிர, கடலுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மரவள்ளிக் கிழங்கின் மாவுதான் மூலப்பொருள். தென் அமெரிக்காவில் பிறந்து உலகம் சுற்றிய கிழங்கு அது. தைவானில் அதை ‘ஷூ ஷூ’ என்கிறார்கள். ‘மரக்கிழங்கு’ என்று அர்த்தம். நம்மவர்கள் ‘மரவள்ளி’ என்று வைத்ததும் அதே கண்ணால் பார்த்துத்தான் போலும்! சேலத்தில் அது குச்சிக்கிழங்கு. நாஞ்சில் நாட்டில் மரச்சீனி.

சேலம் என்றதும் ஜவ்வரிசி நினைவுக்கு வருவது இயல்பு. தைவான் முத்தும் சேலத்து ஜவ்வரிசியும் ஒரே கிழங்கின் பிள்ளைகள். முன்னாட்களில் ஜவ்வரிசி மலேயாவிலிருந்து வந்தது. அங்கே சேகோ என்ற பனையின் தண்டுச் சோற்றிலிருந்து அதைச் செய்தார்கள். இரண்டாவது உலக யுத்தம் அந்த வரத்தை நிறுத்தியது. சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் அத்தொழிலைக் கற்றறிந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து, 1943-ல் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யும் வேலையைச் சேலத்தில் தொடங்கினார்கள். கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டால் அடியில் வெண்மாவு படிகிறது. ஈரம் முழுதும் காயுமுன் அதைத் துணித் தொட்டிலில் இட்டுக் குலுக்கினால், மாவு தானே உருண்டு மணியாகிவிடுகிறது. தைவானின் பழைய முறையும் ஏறக்குறைய இதுவே. மூங்கில் தட்டில் மாவை இட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டுவார்கள். பொடி மணியாகும், மணி பருத்து உருண்டையாகும்.

அப்படியானால் மளிகைக் கடை ஜவ்வரிசியையே வேகவைத்துத் தேநீரில் போட்டால் என்ன? போடலாம், தவறில்லை. ஆனால் அது சிறிய மணி. வறுத்தோ ஆவியில் வெந்தோ உலர்ந்து வருவது. பாயசத்தில் பாலோடு பாலாகக் கரைந்து இறங்குவதற்கு ஏற்றது. பல்லுக்கு வேலை கொடுக்காது.

யார் முதலில் செய்தது?

தைவானில் இந்தக் கேள்வியைக் கேட்டால் ஊரைப் பொறுத்து விடை மாறும்.

தைச்சுங் நகரத்தார் சொல்வது ஒரு கதை. அங்கே லியூ ஹான்-சியே என்பவர் 1983-ல் தேநீர்க் கடை திறந்தார். பிற்காலத்தில் ‘சுன் சுயி தாங்’ என்று பெயர் பெற்றது அதுதான். ஜப்பானில் காப்பியைக் குளிரவைத்துக் கொடுப்பதைப் பார்த்த அவர், தேநீரையும் குளிரவைத்து விற்றார். தேநீர் என்றாலே ஆவி பறக்க வேண்டும் என்றிருந்தவர்களிடம் இது பெரிய துணிச்சல்தான். 1980-களின் பிற்பகுதியில் ஒரு நாள், அக்கடையில் வேலை பார்த்த லின் சியூ-ஹுய் என்ற பெண்மணி, ஊழியர் கூட்டத்துக்குத் தமக்குப் பிடித்தமான ‘ஃபென் யுவான்’ என்னும் மரவள்ளி உருண்டை இனிப்பைக் கையோடு கொண்டு வந்திருந்தார். கூட்டம் என்றால் சலிப்பு எந்த நாட்டிலும் சகஜம். விளையாட்டாக அந்த இனிப்பை எதிரே இருந்த குளிர்ந்த அஸ்ஸாம் தேநீரில் கொட்டிக் குடித்துப் பார்த்தார். சுற்றியிருந்தவர்களுக்கும் பிடித்துவிட்டது. வெகு சீக்கிரத்தில் கடையின் மற்றப் பானங்களையெல்லாம் அது பின்னுக்குத் தள்ளிவிட்டது.

அஸ்ஸாம் தேயிலை அந்தத் தீவுக்கு எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். ஜப்பானியர் ஆட்சியில், 1920-களில், நம் அஸ்ஸாம் செடியின் விதையைக் கொண்டு போய், சூரிய சந்திர ஏரி என்று அழகான பெயர் கொண்ட ஏரிப் பிரதேசத்தில் பயிரிட்டார்கள்.

தெற்கே தைனான் நகரத்தார் இந்தக் கதையை ஒப்புக்கொள்வதில்லை. அங்கே ஹான்லின் தேநீர் விடுதி நடத்திய தூ சோங்-ஹே, 1986-ல் ஊர்ச் சந்தையில் வெள்ளை ஃபென் யுவான் விற்பதைப் பார்த்தாராம். தாயாரின் முத்துமாலை நினைவுக்கு வந்ததாம். அதைத் தேநீரில் சேர்த்து, முத்து என்ற பெயரையும் சூட்டினார் என்பது அவர்கள் கட்சி.

இரண்டு கடைகளும் நீதிமன்றம் ஏறின. வழக்கு பத்து ஆண்டுகள் நடந்தது. 2019-ல் தீர்ப்பு வந்தது. இது எவரும் காப்புரிமை பெற்ற சரக்கு அல்ல. யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆகவே முதலில் செய்தவர் யார் என்று ஆராய வேண்டிய அவசியமே இல்லை என்று முடித்துவிட்டார்கள். கடைக்காரர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம். வீட்டில் அடுப்பு வைத்திருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தீர்ப்பு ஏது?

2013-ல் நடந்தது

வேகவைத்த மாவு ஏன் விறைக்கிறது? மாவின் நுண்மணிகள் கொதிநீரில் தண்ணீரைக் குடித்து உப்புகின்றன. உள்ளே நெருங்கிக் கிடந்த இழைகள் பிரிந்து நெகிழ்கின்றன. ஆறியதும் அந்த இழைகள் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குடித்த நீரை வெளியே தள்ளுகின்றன. குளிர்பெட்டியில் வைத்த சோறு மறுநாள் விறைத்துக் கிடப்பதும் இதே காரணத்தால்தான். இயற்கையின் போக்கு இது. இதைத் தடுக்க வேண்டுமானால் மாவையே இரசாயனத்தால் மாற்ற வேண்டும். அப்படி மாற்றிய மாவுகளில் உணவுக்கு அனுமதி பெற்றவையும் உண்டு.

2013 மே மாதத்தில் தைவான் சுகாதார அதிகாரிகள் கண்டுபிடித்தது அனுமதி பெறாத ஒன்று. மலேயிக் அன்ஹைட்ரைடு என்ற இரசாயனத்தால் மாற்றிய மாவு, தேநீர் முத்துகளிலும் வேறு பல மாவுப் பண்டங்களிலும் இருந்தது. தொழிற்சாலைச் சரக்குகளுக்கு உரிய பொருள் அது. உண்ணும் பண்டத்தில் சேர்ப்பதற்கு உரியதல்ல. ஆனால் ‘க்யூ’ பதத்தைத் தூக்கிக் கொடுக்கும்! அதிக அளவில் கொடுத்துப் பார்த்த பிராணிகளுக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது. கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாகச் சரக்கைத் திரும்ப எடுத்தார்கள். தைவான் சரக்கை வாங்கிய சிங்கப்பூரிலும் சில பண்டங்களைத் திரும்பப் பெற உத்தரவு வந்தது. தெருமுனையில் தேநீர் விற்றவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? மாவு வந்த மூட்டையின் மேலே எழுதியிருந்ததை நம்பினார். குடிக்க வந்தவர் அவரை நம்பினார்.

வீட்டு அடுப்பில்

வீட்டில் செய்வதற்கு இரசாயனமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிண்டத் தெரிந்த கை போதும்.

120 கிராம் மரவள்ளி மாவு, 60 மில்லி தண்ணீர், 50 கிராம் நாட்டுச் சர்க்கரை. நாலு டம்ளருக்குக் காணும். மாவு வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். கிழங்கை உலர்த்தி அரைத்த மாவு வேறு. பாலைத் தெளியவைத்து எடுத்த மாவு வேறு. இரண்டாவதுதான் வேண்டும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நெறுநெறுவென்று வழுக்கும். பச்சைக் கிழங்கை வாங்கி வீட்டிலேயே மாவெடுக்கும் துணிச்சல் வேண்டாம். கிழங்கில் சயனைடு நஞ்சு உண்டாக்கும் சத்து இருக்கிறது. ஆலையில் பலமுறை கழுவி, தெளியவைத்து, உலர்த்துவதில்தான் அது போகிறது.

தைவானில் இதற்குக் கருஞ்சர்க்கரை சேர்க்கிறார்கள். அது சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரை. நம் வெல்லத்துக்கு நெருங்கிய சொந்தம். முத்தின் கறுப்பு அதிலிருந்து வருவதே. நாட்டுச் சர்க்கரையானால் உருண்டை பழுப்பாக அமையும்; சுவைக்குக் குறைவில்லை. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்கவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கும்போது அடுப்பை அணைத்து, மாவில் மூன்றில் ஒரு பங்கைப் போட்டுக் கிளற வேண்டும். அது பசை போலத் திரளும். மிச்ச மாவையும் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைந்துவிட வேண்டும். இந்தச் சூட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. பச்சைத் தண்ணீர் விட்டால் மாவு வேடிக்கை காட்டும்: பிடித்தால் கட்டி, விட்டால் ஒழுகல்! உருட்டவே முடியாது. கொதிபாகு பட்ட பங்கு வெந்து பசையாகி, மற்றதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

பிசைந்த மாவைக் கயிறாகத் திரித்து, சுண்டைக்காயில் பாதியளவு கிள்ளி உருட்டி, ஒட்டாமலிருக்க மாவு தூவி வைக்கலாம். வெந்தால் பருக்கும் என்பதை மறக்கக் கூடாது. உருட்டும் வேலை பொறுமையைச் சோதிக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் தள்ளிவிடுவது உத்தமம்.

பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்கும்போது உருண்டைகளைப் போட்டு, அடி பிடிக்காமல் கிளறி, 20 நிமிஷம் வேகவைத்து, அணைத்து, மூடி இன்னும் 20 நிமிஷம் விட வேண்டும். ஒன்றை நறுக்கிப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது. வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டுவிடலாம்.

தேநீரைச் சற்றுக் கடுமையாகவே போட வேண்டும். பனிக்கட்டி கரைந்து நீர்த்துவிடும். வடிகட்டி, பால் சேர்த்து, இறுக மூடும் பாத்திரத்தில் பனிக்கட்டியோடு இட்டு நன்றாகக் குலுக்கினால் நுரை எழும். அந்த நுரை இல்லாவிட்டால் பெயருக்கே அர்த்தமில்லை. சர்க்கரையைத் தேநீரில் தனியே போடுமுன், பாகிலும் உருண்டையிலும் ஏற்கெனவே எவ்வளவு போயிற்று என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். குழலில் வேகமாக இழுத்த உருண்டை மூச்சுக் குழலில் போய் அடைக்கக் கூடும். ஜெர்மனியில் அரசாங்கத்தின் இடர் மதிப்பீட்டு நிலையம் 2012-லேயே இதைச் சொல்லி எச்சரித்தது. பெரிய பிள்ளைகளுக்கும் கரண்டியால் கொடுத்தால் கவலையில்லை.

இனி, மிச்சத்தின் பாடு. வெந்த உருண்டையைக் குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள் பாசிமணி கோக்கத்தான் உதவும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் வேகவைக்க வேண்டும். வேகாத பச்சை உருண்டைகளை மாவு தூவி உறைபெட்டியில் வைத்தால் கெடாமல் கிடக்கும். வேண்டும்போது வெளியே எடுத்து இளகவிடாமல், அப்படியே கொதிநீரில் போட்டுவிடலாம். நாலு மணி நேரக் கணக்கு அப்போது புதிதாகத் தொடங்கும்.