சுவருக்குள் ஓடும் தண்ணீர்

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். 'பழைய வீட்டைப் புதுப்பித்துப் பார்' என்பதையும் அவர்கள் சேர்த்திருக்கலாம் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

நமது வீடு தகப்பனார் காலத்தில் கட்டியது. பள்ளிக்கூடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு அதைப் புதுப்பிக்கத் துணிந்தோம்.

"குழாய்களையும் மாற்றிவிடுங்களேன். காலையில் முதலில் வரும் தண்ணீர் காவி நிறமாக இருக்கிறதே!" என்றாள் நமது மனைவி.

"சுவருக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? வருகிறவர்கள் பார்ப்பது தரையைத்தானே!" என்று நாம் தீர்ப்பளித்தோம்.

பளபளவென்று டைல்ஸ் பதித்தாயிற்று. உறவினர்களும் வந்து புகழ்ந்து, காபி சாப்பிட்டுப் போனார்கள். எட்டாவது மாதம், ஸ்நான அறையை ஒட்டிய கூடத்துச் சுவரில் ஓதம் படர்ந்தது. புதிய டைல்ஸின் மேல் உளி விழுந்தபோது, அது நமது நெஞ்சிலேயே விழுந்தது. வெளியே எடுத்த இரும்புக் குழாய்க்குள் துரு அடைத்துச் சுண்டுவிரல் நுழையவும் இடமில்லை. ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுத்தோம்.

இத்தகைய குழாய்களில் பூசிய துத்தநாகம் நாளடைவில் தேய்ந்துவிடுகிறது. பிறகு இரும்பு துருப்பிடித்து, வழி குறுகி, கடைசியில் ஓட்டை விழுகிறது. ஆகையால் சுவரை உடைக்கும் வேளைதான் குழாயை மாற்றும் வேளை. மாற்றும்போது, வெந்நீர் ஓடும் வழிக்குச் சாதாரண பி.வி.சி. குழாய் உதவாது, சூட்டில் இளகிவிடும். அதற்கென உள்ள சி.பி.வி.சி. குழாயையே போட வேண்டும்.

வேலையின் வரிசையும் முக்கியம். கொத்தனார் வருவதற்கு முன்பே பிளம்பரையும் அழைத்து, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று காகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனி வால்வு வைத்தால், ஓரிடம் பழுதானாலும் வீடு முழுவதும் வறண்டு போகாது. குழாய் பதித்ததும் முனைகளை அடைத்து, பம்பினால் தண்ணீரை அழுத்தி, அழுத்தம் இறங்குகிறதா என்று பல மணி நேரம் கவனிக்க வேண்டும். பூசுவதற்கு முன் சுவரைப் படம் பிடித்து வைப்பது, பின்னால் ஆணி அடிக்கும்போது கைகொடுக்கும். ஸ்நான அறையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும், 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே டைல்ஸ் பதிக்கலாம். நான்கு அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி வாட்டம் வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நம் ஊர்களில் பெரும்பாலும் குடிநீர் சில மணி நேரமே வருகிறது. அது நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அப்போது குழாயில் விரிசல் இருந்தால், பக்கத்திலுள்ள சாக்கடை நீர் உள்ளே நுழையக்கூடும். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணம் சில சமயம் பூமிக்கடியில் இருக்கிறது! ஆகவே, குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒரே பள்ளத்தில் போகலாகாது. நிலத்தடித் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டிக்கு எட்டியே இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷம் முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாயிற்று. ஆயினும் அடைபட்ட மழைநீர்க் குழாய்கள் எத்தனை! 2019-ஆம் வருஷக் கோடையில் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்ற சென்னைவாசிகளுக்கு அதன் அருமை தெரியும். வீட்டில் ஆட்கள் வேலை செய்யும்போதே அதையும் செப்பனிட்டுவிடலாம்.

வீட்டுக்கு அழகு தரையில் இருக்கலாம்; ஆரோக்கியம் சுவருக்குள்தான் ஓடுகிறது. நமது மனைவி இதை முதலிலேயே சொன்னாள். நமக்குத்தான் சுவரை இடித்த பிறகு விளங்கிற்று.