தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று

2024 டிசம்பரில், தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பல்லாவரம் பகுதியில் முப்பதுக்கு மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கினால் வருந்தி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், உயிரிழப்பும் நேர்ந்தது. குழாய் நீரில் கழிவுநீர் கலந்ததென மக்கள் ஐயுற்றனர். காரணம் பற்றிக் கருத்து வேற்றுமை இருந்தது. எனினும், அவ்வாறு கலப்பது எங்ஙனம் என்பதை ஊராட்சி அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

நீர் ஓடுங்கால் குழாயின் விரிசல் வழியே நீர் வெளியே கசியும். நீர் நின்றதும் அழுத்தம் குறைந்து, அதே விரிசல் வழியே சாக்கடை நீர் உட்புகும். வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுவோர் இத்தீங்கை மிகுவிக்கின்றனர். கலந்த நீர் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றலாம்.

இதற்குக் காவல் குளோரின். ஓரளவு தூய நீராயின், 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் போதும். அதை வாளி நீரில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் தொட்டியில் கலந்து, ஒரு மணி நேரம் கழித்தே நீர் விடவேண்டும். மூடாது வைத்த பவுடர் வீரியமிழக்கும்.

குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினேனும் எஞ்சியிருத்தல் வேண்டுமென்பது இந்திய தர நிர்ணய அமைவனத்தின் விதி. ஆகையால் சோதனையைத் தொட்டியடியில் முடித்துவிடலாகாது. கடைக்கோடி வீட்டுக் குழாயில் செய்தல் வேண்டும். தொட்டியில் இருந்த குளோரின் அங்கே இல்லையெனில், வழியில் அழுக்குக் கலந்திருத்தல் கூடும். உடனே சாக்கடையைக் கடக்கும் குழாய்களைச் சோதித்திடுக. பழுது நீங்கும்வரை, கொதிக்கவைத்து ஆறிய நீரையே பருகுமாறு வீடுதோறும் அறிவித்திடுக.