உங்களுக்குத் தெரியுமா? வங்கதேசத்தின் தையல் வேலை

● வங்கதேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடையில் கிடைப்பது. சுமார் 40 லட்சம் பேர் இந்த வேலையை நம்பியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் பெண்கள்.

● இதற்கு வித்திட்டவர்கள் 130 பேர். 1979இல் சிட்டகாங்கின் 'தேஷ் கார்மென்ட்ஸ்' அவர்களைத் தென்கொரியாவின் பூசானுக்கு அனுப்பி, தேவூ நிறுவனத்தின் ஆலையில் தொழில் பழக வைத்தது. திரும்பி வந்தவர்களில் 115 பேர் சில ஆண்டுகளில் விலகி, சொந்தமாகவோ பிறரோடு சேர்ந்தோ கம்பெனி நடத்தப் போய்விட்டார்கள். தேஷுக்கு அது நஷ்டம்தான். ஆனால் நாடு முழுக்கத் தையல் ஆலைகள் முளைத்தது அவர்களால்தான்.

● கையில் முதல் இல்லாதவர்களும் ஆலை தொடங்க முடிந்தது எப்படி? வெளிநாட்டு ஆர்டரின் பேரில் வந்த கடனுறுதிக் கடிதத்தையே (பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதி) ஈடாக ஏற்று, துணி இறக்குமதிக்கு வங்கிகள் பொறுப்பேற்றன.

● ஆலைகளுக்கு அருகிலுள்ள கிராமங்களில் பெண் பிள்ளைகள் கூடுதல் காலம் பள்ளிக்குப் போகிறார்கள். கல்யாணமும் தள்ளிப்போகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கணக்கும் எழுத்தும் தெரிந்தால் ஆலையில் நல்ல வேலை கிடைக்கும் என்பது அங்கே பெற்றோருக்குத் தெரியும். வறுமை ஒழிப்பில் இதைவிடப் பெரிய லாபம் வேறென்ன?

● வேலை கிடைத்தால் மட்டும் போதுமா? 2013 ஏப்ரல் 23 அன்று, டாக்கா அருகே சாவாரில் எட்டு மாடி 'ராணா பிளாசா' கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மூடப்பட்டன. மாடிகளில் இயங்கிய தையல் ஆலைகள் மட்டும் மறுநாள் காலை ஆட்களை உள்ளே அழைத்தன. வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். சற்று நேரத்தில் கட்டடம் சரிந்தது. இறந்தவர்கள் 1,134 பேர். உள்ளே போக மறுக்க அவர்களுக்குப் பக்கபலமாகச் சங்கம் இல்லை. அத்தனை உயிர்கள் போனதற்கு அந்தக் குறையும் ஒரு காரணம் என்பேன்.

● அடுத்த மாதமே, தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு பிராண்டுகளும் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன; ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் சோதிக்கப்பட்டன.

● பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 'கண்ணியமான வேலை' என்ற இலக்கை 1999இலேயே முன்வைத்தது. நியாயமான கூலி, பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை எல்லாம் அதில் அடக்கம்.

● 2023இல் தையல் தொழிலாளர்கள் மாதம் 23,000 டாக்கா (வங்கதேச நாணயம்) குறைந்தபட்சக் கூலி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். அரசு நிர்ணயித்தது 12,500. போதவே போதாது.