கேஷ்பேக் கார்டு: கொசுறு கிடைக்கும், கணக்கு தெரிந்தால்!

காய்கறிக் கடையில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் வாங்கி முடித்ததும், கடைக்காரர் ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில் போடுவார். அந்தக் கொசுறு விழாவிட்டால் நம்ம ஊரில் வியாபாரமே முடிந்த மாதிரி இருக்காது. ஆனால், கறிவேப்பிலை கிடைக்கிறதே என்று யாரும் இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்குவதில்லை. கிரெடிட் கார்டில் வரும் கேஷ்பேக்கும் கொசுறுதான். அங்கே மட்டும் பல பேர் இரண்டு கிலோ வாங்கிவிடுகிறார்கள்.

இந்தக் கொசுறை யார் தருகிறார்கள்? கடையில் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் தன் வங்கிக்கு ஒரு கட்டணம் கட்டுகிறார். அதில் பெரும்பகுதி, உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அதிலிருந்து ஒரு துண்டை வங்கி உங்களுக்குத் திருப்பித் தருகிறது. இதுபோக, ஆண்டுக் கட்டணம் வங்கிக்கு ஒரு வருமானம். பில்லை முழுசாகக் கட்டாதவர்கள் தரும் வட்டி இன்னொரு வருமானம். அமெரிக்காவில் 1986-ல் சியர்ஸ் நிறுவனம் டிஸ்கவர் கார்டைக் கொண்டுவந்து, செலவழித்ததில் ஒரு பங்கைத் திருப்பித் தர ஆரம்பித்த காலத்திலிருந்து அடிப்படை ஏற்பாடு இதுதான்.

'5 சதவிகிதம்' வீட்டுக்கு வரும்போது

விளம்பரத்தில் 5 சதவிகிதம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மாதம் 46,000 ரூபாய் செலவாகும் ஒரு வீட்டில் அந்த 5 சதவிகிதம் எவ்வளவாக வந்து சேரும்? வாடகை 15,000, மளிகை 8,000, பால், காய்கறி, பூ 5,000, பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 5,000, ஆன்லைன் ஷாப்பிங் 4,000, பெட்ரோல் 3,000, மாத்திரை மருந்து 2,500, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரன்ட் பில்லில் பாதி 2,000, செல்போனும் இன்டர்நெட்டும் 1,500 என்று வைத்துக்கொள்வோம்.

மொத்தத்துக்கும் 5 சதவிகிதம் என்றால் மாதம் 2,300 ரூபாய் வர வேண்டும். வராது. வாடகைக்குப் பெரும்பாலான கார்டுகளில் கேஷ்பேக் இல்லை. ஆப் வழியாகக் கட்டினால் தனிக் கட்டணம் வேறு. பெட்ரோலுக்கு கேஷ்பேக் கிடையாது. 1 சதவிகித சர்சார்ஜைத் தள்ளுபடி செய்வார்கள், அதுவும் குறிப்பிட்ட தொகைக்குள் போட்டால்தான். சர்சார்ஜ் மீதான ஜிஎஸ்டி திரும்பாது. கரன்ட் பில், பள்ளிக் கட்டணம், இன்ஷூரன்ஸ், நகை ஆகியவையும் பல கார்டுகளில் விலக்குப் பட்டியலில் உள்ளவை. பால்காரரிடமும் பூக்காரம்மாவிடமும் கார்டை நீட்ட முடியாது.

மிஞ்சுவது என்ன? மருந்தையும் ஆன்லைனிலேயே வாங்கினால், 6,500 ரூபாய்க்கு 5 சதவிகிதம், அதாவது 325 ரூபாய். மளிகைக்கு 1 சதவிகிதம், 80 ரூபாய். ஆக மாதம் 405, வருஷத்துக்கு 4,860. ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய், அதற்கு 18 சதவிகித ஜிஎஸ்டி என்று 1,179 ரூபாயைக் கழித்தால் கையில் நிற்பது 3,681 ரூபாய்.

மோசமில்லை. ஒரு தீபாவளிப் பட்டாசுச் செலவு. ஆனால், 2,300 மாதம் வரும் என்று நினைத்துக் கார்டு வாங்கியவருக்கும், 300 வரும் என்று தெரிந்து வாங்கியவருக்கும் செலவழிக்கும் கை ஒரே மாதிரி இருக்காது.

இங்கே இன்னொரு தூண்டிலும் உண்டு. ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி என்பார்கள். மேலே சொன்ன வீட்டில் கார்டில் போவது மாதம் 14,500, வருஷத்துக்கு 1,74,000. குறைவது 26,000. மார்ச் மாதத்தில் அந்த 26,000-ஐ நிரப்ப ஒரு டிவி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 1,179 ரூபாயை மிச்சப்படுத்தத்தான்! ஏற்கெனவே வாங்குவதாக இருந்த ஃபிரிட்ஜையோ வாஷிங் மெஷினையோ அந்த வருஷத்துக்குள் கொண்டுவர முடிந்தால் சரி. இல்லாவிட்டால் கட்டணத்தைக் கட்டிவிடுவதே சிக்கனம். மாதச் செலவு இன்னும் குறைவாக இருக்கும் வீடுகளுக்கு ஆண்டுக் கட்டணமே இல்லாத கார்டுதான் பொருத்தம்.

கார்டில் கை நீளும் என்பது வெறும் பேச்சு இல்லை. எம்ஐடி பேராசிரியர்கள் டிரேசன் பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டுகளை மாணவர்களிடம் ஏலம் விட்டுப் பார்த்தார்கள். ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது. டிக்கெட் ஒன்றுதான், ஆட்டமும் ஒன்றுதான்.

ஒரே ஒரு மாதம் தவறினால்

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான இடம். 14,500 ரூபாய் பில் வருகிறது. அந்த மாதம் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு. 'மினிமம் டியூ' கட்டினால் போதும் என்று பில்லில் போட்டிருக்கிறது, 5 சதவிகிதம், 725 ரூபாய். அதைக் கட்டியதும் நிம்மதி. தாமதக் கட்டணம் விழாது என்பது உண்மைதான். ஆனால், மீதி 13,775 ரூபாய்க்கு மாதம் 3.75 சதவிகிதம் என்ற கணக்கில் 30 நாளுக்கு 516 ரூபாய் வட்டி. வட்டிக்கு ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 609. ஒன்றரை மாத கேஷ்பேக் காலி.

அதோடு முடியவில்லை. வட்டி, கெடு தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய தேதியிலிருந்தே ஓட ஆரம்பிக்கும். பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் மளிகைக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. முதல் நாளிலிருந்தே மீட்டர் ஓடும். மாதம் 3.75 என்பது ஆண்டுக்கு 45 சதவிகிதம். நகைக்கடன் வட்டி இதன் பக்கத்தில்கூட வராது. கார்டு வட்டி 30 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

முழுத் தொகையைக் கட்ட முடியாத மாதம் யாருக்கும் வரலாம். அப்போது வேறு எந்த வழியில் குறைந்த வட்டிக்குப் பணம் புரட்ட முடியுமோ அப்படிப் புரட்டி, கார்டு பாக்கியை முதலில் முடிப்பதே லாபம். பாக்கி தீரும்வரை கார்டை பீரோவில் வைத்துவிடலாம்.

ஆட்டோ டெபிட் போடும்போது ஒரு கவனம். 'டோட்டல் அமவுண்ட்', 'மினிமம் அமவுண்ட்' என்று இரண்டு தேர்வு வரும். அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டுவிட்டு, 'அதுதான் ஆட்டோ டெபிட் இருக்கே' என்று பில்லையே பார்க்காமல் இருப்பவர்கள் உண்டு. சம்பளம் 1-ம் தேதி வந்து, கெடு 28-ம் தேதி என்று இருந்தால் பில் தேதியை மாற்றித் தரச் சொல்லலாம். ஒருமுறையாவது அப்படி மாற்றிக்கொள்ளும் வசதியைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

எந்தக் கடையில் எது?

ஒவ்வொரு கடையின் ஸ்வைப் மெஷினுக்கும் நான்கு இலக்க வகை எண் ஒன்று உண்டு. மளிகை, சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411, மருந்துக் கடைக்கு 5912, நகைக்கடைக்கு 5944. கேஷ்பேக் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது கடையின் பெயர்ப்பலகை அல்ல, இந்த எண்தான். உங்கள் தெரு அண்ணாச்சி கடை மெஷின் வேறு வகையில் பதிவாகியிருந்தால், பருப்பு வாங்கினாலும் 'மளிகைக்கு 5 சதவிகிதம்' கிடைக்காது. பாவம், அண்ணாச்சிக்கே அது தெரியாது. முதலில் சின்னத் தொகைக்கு வாங்கி, ஸ்டேட்மென்ட்டில் கேஷ்பேக் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மாத லிஸ்ட்டைக் கொடுங்கள்.

'கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா' என்று கேட்கும் கடையில் 1 சதவிகித கேஷ்பேக் கார்டை நீட்டுவது கையிலிருந்து கொடுப்பதற்குச் சமம். அங்கே யுபிஐயே போதும். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைக்கும் வசதி 2022-ல் வந்தது. கடைகளுக்கு மட்டும்தான் அதில் பணம் அனுப்ப முடியும். இப்படிக் கட்டும் பணத்துக்குச் சில கார்டுகளில் கேஷ்பேக் உண்டு, சிலவற்றில் இல்லை. இணைப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்டிகைக் காலத்தில் ஆன்லைன் கடைகள் தரும் உடனடித் தள்ளுபடி, கேஷ்பேக்கைவிடப் பல நேரம் பெரியது. பணம் கட்டும்போதே கழிந்துவிடுவதால் காத்திருக்கவும் வேண்டாம். அதே பொருளை இஎம்ஐயாக மாற்றினால் பெரும்பாலும் கேஷ்பேக் போய்விடும். 'நோ காஸ்ட்' என்று சொல்லப்படும் இஎம்ஐயிலும் வட்டிக்கான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் ஓசைப்படாமல் உள்ளே வரும். பொருளைத் திருப்பி அனுப்பினால் கொடுத்த கேஷ்பேக்கையும் கழித்துக்கொள்வார்கள்.

வீட்டில் இன்னொருவருக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கினால் இரண்டு பேர் செலவும் ஒரே கணக்கில் சேரும், மாத உச்சவரம்புக்குள் கேஷ்பேக்கும் சேரும். கட்ட வேண்டிய பொறுப்பு மட்டும் முதன்மைக் கார்டுக்காரருடையது. கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுக்கும்போது இது நினைவிருக்கட்டும். 'உங்கள் கேஷ்பேக் இன்று காலாவதியாகிறது' என்று லிங்க்கோடு வரும் மெசேஜையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். அது வங்கியிலிருந்து வருவதல்ல, வலை. கேஷ்பேக்கைப் பார்க்க வங்கியின் சொந்த ஆப்பைத் திறந்தால் போதும்.

நிபந்தனைகளும் அப்படியே நிற்பதில்லை. எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு 2022-ல் வந்தபோது, எந்த ஆன்லைன் கடையானாலும் 5 சதவிகிதம் என்று பெரிதாகப் பேசப்பட்டது. 2023 மே மாதமே நகை, பள்ளிக் கட்டணம், மின்சாரம் போன்ற பில்கள், இன்ஷூரன்ஸ் எல்லாம் விலக்குப் பட்டியலுக்குப் போயின. மாத உச்சவரம்பும் பாதியானது. மற்ற வங்கிகளும் இப்படி மாற்றியிருக்கின்றன. இதற்கான அறிவிப்பு ஒரு மின்னஞ்சலாக வரும், நாம் திறக்காமல் விட்டுவிடுவோம். ஆண்டுக் கட்டணம் பில்லில் ஏறும் மாதத்தில், கடந்த பன்னிரண்டு ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து கேஷ்பேக்கை மட்டும் கூட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

கூட்டுத்தொகை கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால், கார்டை மூடிவிடலாம். சேர்ந்திருக்கும் கேஷ்பேக்கை முதலில் எடுத்துக்கொண்டு, பாக்கியை முழுசாகக் கட்டிவிட்டு, எழுத்துமூலம் கேளுங்கள். வாடிக்கையாளர் சேவையில் 'இன்னும் ஒரு வருஷம் வைத்திருங்கள், கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம்' என்று சொல்லவும் வாய்ப்புண்டு. அப்படிச் சொன்னால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூடத்தான் வேண்டும் என்றால், பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூடித்தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 உத்தரவு. தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.