கான்ராட் 17 ஆண்டு பொறுத்தார். நாம் 30 நாள் பொறுக்கிறோமா?

"முப்பதே நாளில் ஆங்கிலம்" என்று புத்தகம் விற்கிறார்கள். ஆவலோடு வாங்குகிறவர்கள் பலர். பத்துப் பக்கம் தாண்டுகிறவர்கள் சிலர். 31-வது நாள் புத்தகம் பரணுக்குப் போய்விடுகிறது. "நமக்கு ஆங்கிலம் வராது" என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

வேலைக்கான நேர்முகத் தேர்வில் வாயடைத்து நிற்கும் இளைஞருக்கு இது வயிற்றுப்பாடு. "வராது" என்று விட்டுவிட முடியுமா? ஆங்கிலம் வரும். முப்பது நாள் என்ற கணக்குத்தான் தவறு!

இதற்கு ஒரு மாலுமியின் வாழ்க்கையே சாட்சி.

கப்பலே பள்ளிக்கூடம்

ஆங்கில நாவலாசிரியர்களில் முன்வரிசையில் இருப்பவர், ஜோசப் கான்ராட். ஆனால், அவர் ஆங்கிலேயர் அல்ல, போலந்துக்காரர். 1857-ம் ஆண்டு பிறந்தார். 11 வயதிலேயே தாய், தந்தை இருவரும் இல்லை. தாய்மொழி போலிஷ். அடுத்துக் கற்றது பிரெஞ்சு.

1878-ம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தில் லோஸ்டாப்ட் துறைமுகத்தில் வந்து இறங்கினார். வயது 20. அறிந்த ஆங்கிலமோ மிகச் சொற்பம்.

அவர் பள்ளியில் சேரவில்லை. கரையோரமாக நிலக்கரி ஏற்றிச் செல்லும் சிறு கப்பலில் சேர்ந்தார். உடன் உழைத்த மாலுமிகளே ஆசிரியர்கள். அவர்கள் பேசியதைக் கேட்டார், தாமும் பேசினார். பத்திரிகை கிடைத்தால் படித்தார்.

இரண்டே ஆண்டில், 1880-ல், கப்பல் அதிகாரிக்கான முதல் தேர்வில் தேறினார்.

சென்னைக்கும் வந்தவர்

1884-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 'ரிவர்ஸ்டேல்' என்ற கப்பலில் அதிகாரியாகச் சென்னைக்கு வந்தார். தலைவருக்கும் அவருக்கும் மனத்தாங்கல். இங்கேயே கப்பலை விட்டு விலகி, பம்பாய் சென்று வேறு கப்பல் ஏறினார்.

அந்த ஆண்டின் இறுதியில் அடுத்த தேர்வு. முதல் தடவை தோல்வி! மறுபடி எழுதித் தேறினார். 1886-ல் கப்பல் தலைவர் தேர்வு. அதிலும் முதலில் தோல்விதான். அதே ஆண்டு மீண்டும் எழுதி வென்றார்.

1889-ல் ஆங்கிலத்தில் நாவல் எழுதத் தொடங்கினார். போகிற இடம் எல்லாம் அந்தக் கையெழுத்துப் பிரதியையும் கொண்டுபோனார். ஆப்பிரிக்காவின் காங்கோ வரை அது போய்வந்தது. 1895-ல்தான் புத்தகமாயிற்று. லோஸ்டாப்டில் இறங்கியதில் இருந்து 17 ஆண்டுகள்!

இன்னொரு செய்தி. அவர் பேச்சில் போலந்து வாடை கடைசிவரை போகவே இல்லை. 1924-ல் அவருக்கு 'சர்' பட்டம் தர அரசு முன்வந்தது. அவர்தாம் வேண்டாம் என்றார். உச்சரிப்பைக் கேட்டு யாராவது சிரித்திருக்கலாம். சிரித்தவர் பெயர் யாருக்குத் தெரியும்?

ஏன் தாமதம்?

"நான் சோறு சாப்பிட்டேன்" என்கிறோம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்திலோ நடுவில் வரும். வாக்கியத்தையே மாற்றி அடுக்க வேண்டும். அதற்குள் எதிரே நிற்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்!

எழுத்து 26, ஒலியோ ஏறத்தாழ 44. கத்தியைக் குறிக்கும் 'நைப்' என்ற சொல்லின் முதல் எழுத்து 'கே'. அதற்கு ஒலியே கிடையாது. இவை எல்லாம் பழகப் பழகத்தான் படியும். தாமதம் ஆனால் அது அறிவுக்குறைவு அல்ல.

என்ன செய்யலாம்?

தினமும் அரை மணி போதும். ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் முட்டிமோதுவதில் பயன் குறைவு.

உங்கள் தொழிலில் புழங்கும் சொற்களை முதலில் பிடியுங்கள். அவை தினமும் கண்ணில் படும், மறக்காது.

தமிழில் படித்த செய்தியையே ஆங்கிலப் பத்திரிகையில் மறுபடி படியுங்கள். விஷயம் தெரிந்திருப்பதால் பாதிச் சொற்களுக்குப் பொருள் தானே விளங்கும்.

வாரம் ஒருமுறை ஐந்து வாக்கியம் எழுதித் தேதி போடுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். அன்றாடம் தெரியாத வளர்ச்சி அதில் தெரியும். மனம் தளரும்போது அந்த நோட்டுத்தான் மருந்து.

தவறாகப் பேசுகிறோமே என்று வாய் மூடாதீர்கள். பேசினால்தான் தவறு வெளியே வரும். வெளியே வந்தால்தான் திருத்த முடியும்.

பரண்மேல் இருக்கும் புத்தகத்தை இன்றே இறக்குங்கள். பதினோராவது பக்கத்தில் இருந்து தொடங்கலாம்!